சிறகு செய்த கைகள்

மறைமலை நகரிலிருந்து சென்னையை நோக்கிச் செல்லும் பெருவழியை மக்கள் ஜி.எஸ்.டி. சாலை என்றே அழைக்கின்றனர். வண்டலூர், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், புனித தோமையார் மலை என்று அது நீண்டு செல்கிறது. தொழிற்சாலைப் பேருந்துகளும் சரக்கு ஊர்திகளும் நெருக்கியடிக்கும் இச்சாலையில் நாள்தோறும் போய் வருவோர், தாம் இந்திய வானூர்தி வரலாற்றின் ஊடாகவே பயணம் செய்வதை எண்ணிப் பார்ப்பதில்லை. பல்லாவரத்தில் 1910ஆம் ஆண்டிலேயே ஒரு விமானம் சோதித்துப் பார்க்கப்பட்டது. புனித தோமையார் மலையின் அடிவாரத்திற்கு 1932 அக்டோபரில், கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாய் வரை ஓட்டிவந்த முதல் அஞ்சல் விமானத்தை, பெல்லாரி வழியாக நெவில் வின்சென்ட் என்னும் விமானி கொண்டு வந்து சேர்த்தார். குரோம்பேட்டையில் 1949இல் தோன்றிய தொழில்நுட்பக் கல்லூரி விமானப் பொறியியலைத் தமிழ் மண்ணில் கற்பித்தது.

விமானத்தின் வரலாற்றைப் பெரிய எந்திரங்களின் வரலாறாகவே படித்துப் பழகிவிட்டோம். இங்கே நாம் காணப்போவது அதன் சிறிய உறவினரை. மெல்லிய மரக்குச்சிகளையும் பட்டுப் போன்ற தாளையும் பசையையும் கொண்டு, ஒரு வரைபடத்தின்மீது குனிந்தமர்ந்து கையால் செய்யும் மாதிரி விமானம் அது. விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடத் தோன்றும். ஆனால் பெரியது சிறியதிலிருந்துதான் பிறந்தது.

பல்லாவரத்து விமானத்தின் கதையை முதலில் சொல்லிவிடுவோம். கோர்சிக்கத் தீவிலிருந்து வந்து சென்னை மவுண்ட் ரோட்டில் உணவு விடுதி நடத்தியவர் ஜியாக்கோமோ டி ஏஞ்சலிஸ். ஆளுநர் மாளிகையின் விருந்துகளுக்கும் உணவு அளித்த பெயர் பெற்ற சமையற் கலைஞர். 1909 ஜூலை 25ஆம் நாள் பிரான்சு நாட்டு லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயை விமானத்தில் கடந்தார் என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அதைப் படித்துவிட்டு வியந்து நின்றவர்கள் கோடிப் பேர். விடுதிக்காரரான டி ஏஞ்சலிஸ் தாமே ஒரு விமானத்தை வடிவமைத்தார். அதைக் கட்டிக் கொடுத்தது சிம்ப்சன் நிறுவனம். 1840 முதல் சென்னையில் குதிரை வண்டிகளையும் கோச்சு வண்டிகளையும் கட்டிப் பெயர் பெற்ற நிறுவனம் அது. மரத்தை வளைக்கவும், இணைக்கவும், எடையைக் குறைத்து வலிமையைக் காக்கவும் அங்கிருந்த தச்சர்களுக்குத் தெரியும். சக்கரத்தின்மேல் ஏற்றிய அதே கைத்திறனை இறக்கையின்மேல் ஏற்றினார்கள். சிறு குதிரைத்திறன் கொண்ட ஓர் எந்திரம் பொருத்தப்பட்டது. பல்லாவரத்தில் சோதனை முடிந்ததும், 1910 மார்ச்சு மாதம் தீவுத்திடலில் பொதுமக்கள் கட்டணம் செலுத்திக் கண்டுகளித்த விமானக் காட்சி நடைபெற்றது. ரைட் சகோதரர்களின் முதல் பறப்புக்கு அப்போது ஏழு ஆண்டுகளும் நிறையவில்லை. நம் நாட்டின் விமான வரலாறு 1911 பிப்ரவரியில் அலகாபாத்திலிருந்து நைனிக்குச் சென்ற அஞ்சல் விமானத்தோடு தொடங்குவதாக எழுதுவது வழக்கம். சென்னைக்காரர்கள் அதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

மேலைநாடுகளிலும் இதே போன்று ஓர் எளிய தொடக்கம் உண்டு. அல்போன்ஸ் பேனோ என்னும் பிரெஞ்சு இளைஞர் 1871 ஆகஸ்டு 18ஆம் நாள் பாரிசு நகரத்தின் துய்லெரித் தோட்டத்தில், முறுக்கிய ரப்பர் இழையால் சுழலும் காற்றாடியுடன் ஒரு சிறு விமானத்தைப் பறக்கவிட்டார். அது 11 விநாடிகளில் ஏறத்தாழ 40 மீட்டர் தூரம் சென்றது. தூரத்தைக் காட்டிலும் அது சென்ற விதமே முக்கியம். யாரும் இயக்காமல், தானாகவே நிலை குலையாமல் சென்றது. இறக்கைகளைச் சற்றே மேல்நோக்கி வளைத்ததும், வாலைத் தக்க சாய்வில் அமைத்ததுமே அதன் காரணம். இன்று ஒரு சிறுவன் செய்யும் மாதிரி விமானத்திலும் இந்த இரு விதிகளே வேலை செய்கின்றன. இடுப்பு நோயால் கடற்படையில் சேர இயலாமல் போன பேனோ, முழு அளவு விமானம் ஒன்றையும் வரைந்தார். ஆதரிப்பார் இல்லை. தம் வரைபடங்களைச் சிறிய சவப்பெட்டி போன்ற ஒரு பெட்டியில் வைத்து, முன்பு தமக்கு உதவிய ஒருவரிடம் அனுப்பிவிட்டு, 1880இல் முப்பது வயதில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்பதைப் படிக்கும்போது நெஞ்சம் கனக்கிறது.

அவர் சாகுமுன்னரே அவருடைய இன்னொரு பொம்மை அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டிவிட்டது. 1878இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், ஐக்கிய சகோதரர் சபை என்னும் சீர்திருத்தச் சபையின் ஆயரான மில்டன் ரைட், பயணம் முடிந்து வீடு திரும்பும்போது தம் இளைய மக்களுக்கு ஒரு விளையாட்டுப் பொருள் வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், தாள், ரப்பர் இழை இவற்றால் ஆனது. கையிலிருந்து விட்டால் விர்ரென்று கூரைவரை எழும்பும். பேனோவின் வடிவத்தைப் பின்பற்றிச் செய்யப்பட்டது அது. வில்பருக்கு அப்போது வயது 11, ஆர்வில்லுக்கு 7. பொம்மை உடைந்தபின் சிறுவர்கள் தாமே அதைப் போல் செய்தனர். சிறியவை பறந்தன. பெரிதாகச் செய்யச் செய்யப் பறக்க மறுத்தன. அளவை இரு மடங்காக்கினால் ஆற்றல் எட்டு மடங்கு வேண்டும் என்ற கணக்கு அவர்களுக்குப் பின்னரே விளங்கியது. நூல்களில் படித்திருந்தால் இக்கணக்கை அவர்கள் மறந்திருக்கக்கூடும். கையால் செய்து தோற்றதால் மறக்கவில்லை.

இனி மரத்திற்கு வருவோம். பால்சா என்பது தென் அமெரிக்காவின் ஈக்வடார் நாட்டில் செழித்து வளரும் மரம். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குத் தெப்பம் என்று பொருள். அந்நாட்டுக் கடற்கரை மக்கள் இம்மரத்தின் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்துக் கடலில் சென்றனர். கட்டுமரம் என்ற நம் சொல்லை உலக மொழிகளுக்குக் கொடுத்த தமிழருக்கு இது புதிய செய்தியன்று. இரு பெருங்கடல்களின் கரைகளில் வாழ்ந்த மீனவர்கள் ஒரே விடையைக் கண்டிருக்கின்றனர். 1947இல் நார்வே நாட்டுத் தோர் ஹெயர்டால் ஒன்பது பால்சா அடிமரங்களைப் பிணைத்துச் செய்த தெப்பத்தில், பெரு நாட்டிலிருந்து 101 நாட்கள் பசிபிக் கடலில் மிதந்து சென்றார். காற்றில் மிதக்கும் பொருளாக நாம் அறிந்த மரம் முதலில் நீரில்தான் மிதந்தது.

ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1000 கிலோ. தேக்கு சுமார் 650 கிலோ. காய்ந்த பால்சா 100 முதல் 250 கிலோ வரை. நின்றிருக்கும் மரமோ நீரைக் குடித்துக் கனத்துக் கிடக்கும். வெட்டிய பின் சூளையில் உலர்த்தினால்தான் அந்த இலேசு வரும். மரத்தின் கண்ணறைகள் பெரியவை, அவற்றின் சுவர்கள் மெல்லியவை. தஞ்சாவூர்க் கலைஞர்கள் பெரிய கோயிலின் வடிவத்தைச் செதுக்கும் நெட்டி இதைக் காட்டிலும் இலேசானது. எனினும் அதற்கு இழுவிசையைத் தாங்கும் நார் இல்லை. பால்சாவிற்கு உண்டு. எடைக்கு ஏற்ற வலிமையில் அது வியப்பூட்டும் மரம்.

1920களில் மாதிரி விமானம் செய்வோர் இதைக் கண்டுகொண்டனர். 1927இல் சார்லஸ் லிண்ட்பர்க் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தபின், அமெரிக்கச் சிறுவர்களிடையே விமானப் பித்துப் பரவியது. அதற்கு முந்திய ஆண்டே, கடற்படையில் விமானியாக இருந்த பால் கில்லோ என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தம் குடும்பத்துக் கொட்டகையில் பால்சாப் பெட்டிகளை விற்கத் தொடங்கியிருந்தார். முதல் உலகப்போர் விமானங்களின் வரைபடமும் குச்சிகளும் அடங்கிய பெட்டியின் விலை 10 சென்ட். இங்கிலாந்தில் 1935இல் தோன்றிய ‘ஏரோமாடலர்’ என்னும் மாத இதழ் வரைபடங்களைப் பரப்பியது. நம் நாட்டில் 1950இல் தேசிய மாணவர் படையில் விமானப் பிரிவு உருவானபின், மாதிரி விமானம் கட்டுவது அங்கே ஒரு பயிற்சியாகவே அமைந்தது. காக்கி உடையில் அணிவகுப்பு நடத்திய எத்தனையோ கல்லூரி மாணவர்கள், விமானம் என்பதை முதன்முதலில் தொட்டறிந்தது ஒரு பால்சாக் குச்சியின் வழியாகத்தான்.

போரும் இந்த மரத்தை விட்டுவைக்கவில்லை. 1942இல் அமெரிக்கக் கடற்படை, நட்பு விமானத்தையும் பகை விமானத்தையும் நிழலுருவம் கொண்டே பிரித்தறியப் பயிற்சி தரும்பொருட்டு, ஐந்து இலட்சம் மாதிரி விமானங்களைச் செய்து தருமாறு பள்ளி மாணவர்களை வேண்டியது. மாதிரியின் ஓர் அங்குலம் உண்மை விமானத்தின் ஆறு அடிக்குச் சமம். பால்சா போர்த் தேவைக்கு ஒதுக்கப்பட்டதால், பைன் போன்ற வேறு மரங்களில் பிள்ளைகள் செதுக்கினர்.

அந்தப் போர்த் தேவைகளுள் ஒன்று மாஸ்கிட்டோ என்னும் பிரிட்டிஷ் விமானம். 1940 நவம்பர் 25ஆம் நாள் முதன்முதலில் பறந்தது. அதன் உடல் உலோகத்தால் ஆனதன்று. இரண்டு மெல்லிய பிர்ச் ஒட்டுப்பலகைகளுக்கு இடையே பால்சாவை வைத்து ஒட்டி, இரண்டு பாதிகளாக அச்சில் வளைத்து, பின் பொருத்தினார்கள். நாற்காலி மேசை செய்தவர்களும் பியானோ செய்தவர்களும் இதில் வேலை செய்தனர். மாதிரி விமானம் கட்டும் சிறுவனின் முறையே இரண்டு எந்திரங்கள் பூட்டிய போர் விமானமாக வளர்ந்துவிட்டது எனலாம். உலகின் அதிவேக விமானங்களுள் ஒன்றாக அது விளங்கியது. மொத்தம் 7,781 விமானங்கள் கட்டப்பட்டன.

இந்தியாவில் அதற்குச் சோதனை காத்திருந்தது. பர்மாப் போர்முனைக்காக இங்கு வந்த மாஸ்கிட்டோக்களில் சில, 1944இன் இறுதியில் பறக்கும்போதே இறக்கை பிளந்து நொறுங்கின. விமானிகள் மாண்டனர். நவம்பரில் அவ்வகை விமானங்கள் அனைத்தையும் தரையில் நிறுத்த ஆணை வந்தது. தயாரிப்பாளர் குடும்பத்தைச் சேர்ந்த மேஜர் ஹியர்வர்ட் டி ஹாவிலண்ட் நேரில் வந்து ஆராய்ந்தார். நம் வெயிலும் மழையும் பசையைக் கெடுத்துவிட்டன என்பதே பலருடைய முதல் எண்ணம். முதலில் பயன்பட்ட பசை கேசின், அதாவது பாலிலிருந்து எடுக்கப்படுவது. ஈரத்தில் பூஞ்சை பிடித்துக் கெட்டுவிடும் இயல்புடையது. ஆகவே ஃபார்மால்டிஹைடு சார்ந்த பசைக்கு மாறியிருந்தனர். ஆராய்ந்தபோது வேறொன்றும் தெரிந்தது. பல விமானங்களில் துண்டுகள் முழுமையாகப் படியாமலே ஒட்டப்பட்டிருந்தன. இணைப்பின் இடைவெளியைப் பசையே நிரப்பும் என்று விட்டுவிட்டார்கள். பழியை வெப்பமண்டலத்தின்மீது போடுவது எளிது. ஆயிரம் கல்லுக்கு அப்பால் யாரோ ஒருவர் அவசரமாக இறுக்கிய பிடிப்பு, இங்கே வானத்தில் அவிழ்ந்தது என்பதே கசப்பான செய்தி. பின்னர்ச் செப்பனிடப்பட்ட மாஸ்கிட்டோக்கள் தொடர்ந்து பறந்தன. 1945இல் அப்படைப்பிரிவுகள் சில சோழவரத்திலும், பிறகு புனித தோமையார் மலையிலும் தங்கியிருந்தன. இயேசுவின் சீடர் இரத்தம் சிந்தியதாக நம் முன்னோர் போற்றும் குன்றின் நிழலில், பால்சா மர விமானங்கள் வரிசையாக நின்ற காலம் அது.

நான்கு ஆண்டுகள் கழிந்தன. சி. ராஜம் என்னும் வள்ளல் தம் வீட்டை விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு குரோம்பேட்டையில் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினார். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைக் குருக்களிடம் இயற்பியல் பயின்று 1954இல் பட்டம் பெற்ற இராமேசுவரத்து இளைஞர் ஒருவர் அங்கே விமானப் பொறியியல் படிக்க வந்தார். சேர்க்கைக் கட்டணம் சுமார் ஆயிரம் ரூபாய். தமக்கை சோரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அவ்விளைஞர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் என்பதை வாசகர்கள் அறிவார்கள். கல்லூரியில் பார்வைக்கு நிறுத்தப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்களின் அருகே, மற்ற மாணவர்கள் சென்ற பின்னும் அவர் அமர்ந்திருப்பாராம்.

அவர் வாழ்வில் நிகழ்ந்த வரைபட நிகழ்ச்சி பலமுறை சொல்லப்பட்டது. ஆயினும் இங்கே அது பொருந்தும். தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை நான்கு தோழர்களுடன் சேர்ந்து வடிவமைக்கும் பணி அவருக்குத் தரப்பட்டது. காற்றியக்க வடிவம் அவர் பொறுப்பு. கல்லூரி இயக்குநர் பேராசிரியர் சீனிவாசன் வேலையைப் பார்த்துவிட்டு மனம் நொந்தார். ஒரு மாதம் அவகாசம் கேட்டவருக்கு மூன்று நாட்களே கிடைத்தன. முடிக்காவிடில் உதவித்தொகை நின்றுவிடும் என்ற எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது. இரவு உணவைத் தவிர்த்து வரைபலகையிலேயே கிடந்து வேலையை முடித்தார். ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் வந்து பார்த்துத் தழுவிக்கொண்டார். அந்தக் கண்டிப்பைச் சிலர் கொடுமை என்பர். என் எண்ணத்தில் அது நம்பிக்கையின் ஒரு வடிவம். செய்ய இயலாதவனிடம் யாரும் மூன்று நாளில் கேட்பதில்லை. அதே கல்லூரியின் தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற கருத்தில் கலாம் தமிழில் எழுதிய கட்டுரை முதற்பரிசு பெற்றது. பரிசளித்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன். விமானத்தைப் பற்றித் தமிழில் சிந்திக்க இயலாது என்போர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இன்று இப்பெருவழியின் மேற்கே ஒரகடம், திருப்பெரும்புதூர் வட்டாரமெங்கும் தொழிற்சாலைகள். தனித்தமிழ் அறிஞர் மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய நகரத்தில் கார் செய்தார்கள். அங்கிருந்த ஃபோர்டு ஆலையின் கார் உற்பத்தி 2022இல் நின்றபோது எத்தனையோ குடும்பங்கள் கலங்கின. நம் பங்குகளிலிருந்தும் இளைஞர்கள் இவ்வட்டார ஆலைகளுக்குச் செல்கின்றனர். ஒருவர் நாள் முழுவதும் ஒரே திருகாணியை முடுக்குகிறார். மற்றொருவர் ஒரே விளிம்பைச் சரிபார்க்கிறார். உழைப்பு நேர்மையானது, கூலியும் தேவையானது. ஆனால் ஒரு பொருளின் தொடக்கத்தையும் முடிவையும் தன் கையால் காணும் மகிழ்ச்சி அவ்வேலையில் இல்லை. ஒரு வரைபடத்தை விரித்து, முதல் குச்சியை வெட்டி, கடைசியில் அது பறப்பதைப் பார்க்கும் வாய்ப்பு ஓர் இளைஞனுக்கு ஒருமுறையேனும் கிடைக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். இவ்வட்டாரத்திலேயே வல்லம் வடகாலில் விமானத் தொழிற்பூங்காவும் அமைந்துவிட்டது. அங்கே இறுதியில் தேவைப்படுவோர் முழுமையைப் பார்க்கத் தெரிந்தவர்களே.

பால்சாவின் இன்றைய நிலை குறித்தும் ஒரு சொல். இப்போது அது மிகுதியாகச் செல்வது மாதிரி விமானத்திற்கன்று, காற்றாலைகளின் நீண்ட இறக்கைகளுக்குள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் நாம் காணும் காற்றாலை வகையின் இறக்கைகளில் பலவற்றின் உள்ளீடு இம்மரமே. 2019, 2020ஆம் ஆண்டுகளில் தேவை திடீரென்று பெருகியபோது, ஈக்வடாரின் அமேசான் ஆறுகளின் தீவுகளில் காட்டு மரங்களைச் சூறையாடினர். பழங்குடி மக்களின் நிலத்திற்குள் மரம் வெட்டுவோர் புகுந்தனர். தூய ஆற்றலுக்காக நிகழ்ந்த தூய்மையற்ற செயல் அது. பிறகு செயற்கை நுரைப்பலகைகள் ஓரளவு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டன. மாதிரி விமானத்திற்குத் தேவைப்படுவதோ ஒரு கைப்பிடிக் குச்சிகள் மட்டுமே.

செய்முறையில் மறைபொருள் ஏதுமில்லை. முழு அளவு வரைபடத்தைச் சமமான மென்பலகையில் விரித்து, மேலே மெழுகுத்தாளை இட வேண்டும். இல்லையேல் விமானம் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். அரைக்கால் அங்குலச் சதுரக் குச்சிகளைக் கோடுகளின்மீது வைத்து, இருபுறமும் குண்டூசி குத்தி நிறுத்துவர். குச்சியையே குத்தினால் பிளந்துவிடும். உடலின் ஒரு பக்கம் முடிந்ததும் அதன் மேலேயே மறுபக்கத்தைக் கட்டுவார்கள். அப்போதுதான் இரண்டும் ஒத்திருக்கும். இறக்கை விலாக்களை மெல்லிய பலகையில் ஒன்றுபோல் வெட்டி, முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே நிறுத்துவர். மூட்டுகள் இடைவெளியின்றிப் படிய வேண்டும். மாஸ்கிட்டோவின் பாடம் இங்கும் செல்லும். நுனியின் கீழ் ஒரு கட்டையை வைத்து இறக்கையைச் சற்றே உயர்த்தி ஒட்டினால், பேனோ கண்ட நிலைத்தன்மை கிடைக்கும்.

எலும்புக்கூடு முடிந்தபின் மெல்லிய தாளால் போர்த்துவர். நம் இல்லங்களில் மூங்கில் சிம்புகளைக் கட்டிக் கிறிஸ்து பிறப்பு விண்மீனுக்குத் தாள் ஒட்டிய கைகளுக்கு இது பழகிய வேலை. வேறுபாடு ஒன்றே. விமானத் தாளின்மீது நீரை நுண்துளிகளாகத் தெளித்துக் காயவிட்டால், அது சுருங்கி முரசுத் தோல் போல் இறுகும். அதன்மேல் டோப் என்னும் பூச்சு. அடைமழை நாளில் அதைப் பூசினால் ஈரம் கலந்து வெளுத்துப்போகும். ஆகவே சென்னைப் பக்கத்தார் ஐப்பசி, கார்த்திகையில் போர்த்தும் வேலையைத் தள்ளிவைப்பது நலம்.

இறுதியில் எடைச் சமநிலை. இறக்கை அகலத்தில் முன்னிருந்து மூன்றில் ஒரு பங்கில், இருபுறமும் இரு விரல்களால் தாங்கினால் விமானம் சாயாமல் நிற்க வேண்டும். காற்றடங்கிய மாலையில், உயரமாகப் புல் வளர்ந்த திடலில், ரப்பரை முறுக்காமலே மெல்ல முன்தள்ளி விடுவார்கள். மூக்கைத் தூக்கி, தயங்கி, பின் குப்புற விழுந்தால் மூக்கில் சிறிது களிமண்ணை ஒட்டுவர். நேராகத் தரையை நோக்கிப் பாய்ந்தால் அதில் கொஞ்சத்தை எடுத்துவிடுவர். மீண்டும் விடுவர். பத்துப் பதினைந்து முறைக்குப் பின் ஏதோ ஒரு முறை, அது புல்லின் தலைகளை உரசாமல் நேராகச் சென்று, சற்றுத் தொலைவில் மெல்ல இறங்கும். அதன் பிறகுதான் ரப்பரை முறுக்குவார்கள்.